இரண்டாவது கூண்டு

அறிவுமதி அந்தக் கூண்டை மடிமேல் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். உள்ளே இரண்டு பறவைகள் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த கவிநிலா பின்னால் நகர்ந்தாள்.

“என்னா மதி இது? கிளியா?”

“கிளி ஜாதிதான். காக்டெயில்னு பேரு. நம்ம ஊரு பச்சைக் கிளிய வெச்சா கேஸ் போட்ருவாங்க, இத வெச்சிக்கலாம். பிரசாத் வீட்ல இருந்துச்சி. அவன் குடும்பத்தோட துபாய் போறான் இல்ல, யாராச்சும் நல்லா பாத்துக்கறவங்களா வேணும்னான்.”

பிரசாத், அறிவுமதி வேலை செய்யும் டூவீலர் ஷோரூமில் கணக்குப் பார்த்தவன். அவன் மகள்தான் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தில், மஞ்சள் முகமும் ஆரஞ்சுக் கன்னமுமாக இருந்த ஆண் பறவை மிளகு. உடம்பெல்லாம் வெளிர் மஞ்சளாக இருந்தது பூந்தி. நாலு வருஷமாக ஒரே கூண்டு. பிரசாத் வீட்டில் பால்கனியில் தொங்கவிட்டு, தீனியும் தண்ணீரும் வைத்ததோடு சரி, யாரும் கையில் எடுத்துப் பழக்கியதில்லை.

“ஒன்னு மட்டும் சொன்னான்” என்றான் அறிவுமதி, கூண்டை ஹாலில் ஜன்னலோரம் வைத்தபடி. “ரெண்டையும் பிரிச்சு மட்டும் வெக்காதீங்கன்னான்.”

அவர்கள் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய தெரு ஒன்றில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அறிவுமதி காலையில் போனால் இருட்டும் நேரம்தான் வருவான். கவிநிலா வீட்டில் உட்கார்ந்து குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கொஞ்சத்தில் போயிருந்தது. பகல் முழுக்க அவளிடம் பேச யாரும் கிடையாது. அதற்காகத்தான் அவன் பறவைகளைக் கொண்டுவந்தான். அதை அவன் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய சொந்த ஊர் தூரத்தில் இல்லை. மலையின் அந்தப் பக்கம், அடி அண்ணாமலை. அப்பா அப்பாசாமி கொஞ்ச நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்கும் கடை ஒன்றும் வைத்திருந்தார். பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம். கல்யாணமானதிலிருந்து அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அறிவுமதி வேறு ஜாதி. ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம். “அவன் இந்த ஊர் எல்லைய மிதிச்சான்னா கால் இருக்காது” என்று அவள் அண்ணன் ஆதவன் ஆள் வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தான்.

அம்மா எல்லம்மாள் மட்டும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேசுவாள். கூட்டத்தில் கடைக்குத் தண்ணீர் வாங்க வருகிற யாராவது ஒரு பெண்ணிடம் ஃபோனை வாங்கி, கடைக்குப் பின்னால் போய்க் கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். “சாப்டியா? ஒடம்பு எப்படி இருக்குது? சரி, ஃபோன்காரம்மா நிக்கிறாங்க, வெச்சிடறேன்.” அவ்வளவுதான். அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட முடியாது. அது சேலத்திலிருந்தோ கடப்பாவிலிருந்தோ வந்த யாரோ ஒருத்தியுடையது.

முதல் வாரம் பறவைகள் அவள் பக்கம் திரும்பவேயில்லை. கூண்டருகே போனால் தலைக் கொண்டை நிமிர்ந்து நிற்கும், இரண்டும் பின்கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். கை உள்ளே போனால் மிளகு கொத்தினான். ரத்தம் வரும்படிக் கொத்தினான். அவள் கையை எடுத்துவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்தாள். மாவட்டங்கள், ஆறுகள், சட்டத் திருத்தங்கள், எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தாள். சில நாளில் அவை சீறுவதை நிறுத்தின. அப்புறம் அவள் வாசிக்கும்போதே ஒன்றின் தலையை ஒன்று கோத ஆரம்பித்தன. மிளகு அலகால் பூந்தியின் கழுத்துப் பக்கம் ஒவ்வொரு இறகாகப் பிரித்து விடுவான். பூந்தி தலையைக் குனிந்து கண்ணை மூடிக் காட்டிக்கொண்டேயிருப்பாள். போதும் என்று அவன் நிறுத்தினால், மறுபடி குனிவாள்.

கவிநிலா தினைக்கதிர் ஒன்றைக் கம்பிக்கு வெளியே பிடித்தபடி படித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டினாள். ஒருநாள் பூந்தி கிளையில் நகர்ந்து வந்து, உடம்பை நீட்டி, ஒரே ஒரு தினையைக் கொத்திக்கொண்டு ஓடினாள். கவிநிலாவுக்கு அன்றைக்குப் பூராவும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் அறிவுமதியிடம் சொன்னாள்.

“ஒரு மாசம் ஆயிடுச்சி கவி. ஒரு தினைதான் எடுத்துச்சா?”

“பயம் போவணும் இல்ல.”

அவன் ஷோரூமிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கூண்டுமுன் போய் நிற்பான். விசில் அடிப்பான். அவன் குரல் கொஞ்சம் பெரிசு, நடையும் வேகம். அவன் வந்ததும் இரண்டும் பின்கம்பிக்குப் போய்விடும். அவன் கையில் தினையை வைத்துக்கொண்டு நிற்பான். கை வலிக்கும்வரை நிற்பான். எதுவும் வராது.

“என்னப் பாத்தா எல்லாரும் பின்னாலதான் போறாங்க” என்றான் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் அம்மா ஆரணியில் அவன் அண்ணனோடு இருந்தாள். இந்தக் கல்யாணத்துக்கப்புறம் அந்த வீட்டிலிருந்தும் போக்குவரத்து கிடையாது.

அப்புறம் அவன் செல்லில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். பறவை பழக்குகிறவர்கள் போடும் வீடியோக்கள். சாப்பிடும்போதும் அதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கூண்டு ஒன்றோடு வந்தான்.

“ஜோடியா இருக்கிற வரைக்கும் மனுஷங்க பக்கம் திரும்பாதாம். அதுக்கு நாம தேவையே இல்லையாம். தனித்தனியா வெச்சா பேச்சுத் தொணைக்கு நம்மகிட்ட வரும். எல்லா வீடியோலயும் அததான் சொல்றாங்க.”

“பிரசாத் சொன்னாரே, பிரிக்காதீங்கன்னு.”

“அவன் நாலு வருஷம் வெச்சிருந்து என்ன பழக்கினான்? பதினஞ்சு நாள்தான் கவி. கை பழகினதும் மறுபடி ஒன்னா விட்டுறலாம்.”

அவள் வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை. இந்த ஊரில் அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அவனிடம் எதற்கும் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கக்கூடாது என்று அவள் எப்போதோ பழகிக்கொண்டிருந்தாள்.

துண்டைப் போட்டு மிளகைப் பிடித்துப் புதுக் கூண்டில் விட்டு, படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தான் அறிவுமதி. கதவைச் சாத்தினான்.

உடனே ஆரம்பித்தது. உள்ளேயிருந்து மிளகு ஒரு குரல் கொடுப்பான், ஹாலிலிருந்து பூந்தி பதில் கொடுப்பாள். கூர்மையான ஒரே ஒரு சத்தம். பதில் வந்தால் அடுத்தது கொஞ்சம் உரக்க. அன்றைக்கு அறிவுமதி ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போட்டான். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, கவிநிலா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி படிக்க முடியவில்லை. பூந்தி கிளையில் நிற்கவில்லை. கூண்டின் அந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படுக்கையறைக் கதவைப் பார்த்தபடியே தொங்கினாள். தீனியைத் தொடவில்லை.

கவிநிலாவுக்குச் செங்கம் ஞாபகம் வந்தது. அறிவுமதியோடு பழகுவது வீட்டில் தெரிந்ததும், அவளைச் செங்கத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பின்பக்க ரூம். ஃபோனைப் பிடுங்கிவிட்டார்கள். குளிக்கப் போனால்கூட அத்தை வாசலில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா வருவார். அவளைப் பார்க்க உள்ளே வரமாட்டார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அத்தையிடம் கேட்பார், “என்னா, வழிக்கு வந்தாளா?” கதவுக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும். அத்தை தினமும் ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள், அவன் உன்னை மறந்துவிட்டான் என்று. ஒருகட்டத்தில் அவள் அதை நம்பவும் ஆரம்பித்திருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்குக் கூட்டத்தில் நழுவி, பஸ் ஏறி வந்ததுதான்.

அவள் எழுந்து படுக்கையறைக் கதவைத் திறந்தாள். மிளகின் கூண்டைத் தூக்கி வந்து பூந்தியின் கூண்டோடு ஒட்டி வைத்தாள். கம்பிக்குக் கம்பி. இரண்டும் ஓடிவந்து அலகை உள்ளே விட்டுக்கொண்டன. அப்படியே வெகுநேரம் இருந்துவிட்டு, இரண்டும் சாப்பிடப் போயின.

சாயங்காலம் பைக் சத்தம் கேட்கும் முன்பு, மிளகின் கூண்டை மறுபடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அறிவுமதி தினமும் முதலில் மிளகிடம் கொஞ்ச நேரம், அப்புறம் பூந்தியிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பாவம், பொறுமையாகத்தான் உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான். விரலை மெதுவாக வயிற்றருகே கொண்டுபோனான். இரண்டும் விலகின. “ஏன் இது வேலை செய்யலன்னு தெரியல” என்று அவன் சொல்லும்போது, கவிநிலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் ஷோரூமில் கரண்ட் இல்லை என்று மத்தியானமே வந்துவிட்டான். மாடிப்படியில் அவன் கால் சத்தம் கேட்டபோது அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவக்கூட நேரமில்லை. அவன் ஹாலில் நின்று, ஒட்டி வைத்திருந்த இரண்டு கூண்டுகளையும் பார்த்தான்.

“எவ்ளோ நாளா நடக்குது இது?”

“மொதல்ல இருந்தே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? தினம் வந்து பைத்தியக்காரன் மாதிரி உக்காந்துனு இருக்கேன். நீ வேடிக்கை பாத்துனு நிக்கிற.”

“கத்துது மதி. நீ போயிடற. நான்தான் கேட்டுக்கினு இருக்கேன்.”

“கத்தும். ரெண்டு நாள் கத்தும், அப்புறம் அடங்கிடும். இப்படி சேத்து சேத்து விட்டா அது எப்பதான் வழிக்கு வரும்?”

அவள் மாவுக் கையோடு நின்றாள். “எங்கப்பா சொன்ன அதே வார்த்தை” என்றாள்.

“என்னா?”

“செங்கத்துல எங்கப்பா கேப்பாரு. வழிக்கு வந்தாளான்னு.”

அவன் முகம் மாறியது. கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “நானும் உங்கப்பனும் ஒன்னா?” என்றான். “உனக்காகத்தான் இத வாங்கியாந்தேன். உனக்காக.”

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது மிளகின் கூண்டைக் காணோம். அறிவுமதி அதைக் கொண்டுபோய், செங்கம் ரோட்டில் இருக்கும் அவன் நண்பன் விமல்ராஜ் வீட்டில் வைத்துவிட்டான். ஒன்றின் சத்தம் ஒன்றுக்குக் கேட்காத தூரத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். செல்லில் கூப்பிட்டபோது அதைத்தான் சொன்னான். “ஒரு வாரம் பொறுத்துக்கோ” என்றான். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பூந்தி முதல் நாள் பூராவும் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுவாள். இரண்டாவது நாள் கம்மியானது. மூன்றாவது நாள் அவள் கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாள். கவிநிலா கையை உள்ளே விட்டபோது கொத்தவும் இல்லை, விலகவும் இல்லை.

அறிவுமதி ஷோரூம் முடிந்ததும் நேராக விமல்ராஜ் வீட்டுக்குப் போய் மிளகோடு உட்கார்ந்துவிட்டு வந்தான். அந்த வார வியாழக்கிழமை, இருட்டிய பிறகு அவனிடமிருந்து ஃபோன் வந்தது. மூச்சு வாங்கியது.

“கவி, கைமேல ஏறிடுச்சி. நம்ப மாட்ட, தானா ஏறிடுச்சி. மெதுவா வெளிய எடுத்தேன். தோள்ல உக்காந்துச்சி.”

அவள் பூந்தியின் கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

“கவி, குக்கர் விசில் அடிச்சிடுச்சி. உள்ள விமல்ராஜ் சம்சாரம் கவியா சமைச்சுனு இருந்தாங்க. ஜன்னல் தெறந்து இருந்துச்சி, நான் கவனிக்கல. பறந்துடுச்சி கவி. தெருவெல்லாம் தேடிட்டோம். இருட்டிடுச்சி, ஒன்னும் தெரியல.”

மறுநாள் அவன் லீவு போட்டான். அவனும் விமல்ராஜும் செங்கம் ரோட்டுத் தெருக்களில் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். மிளகின் படத்தை எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். மின்கம்பியில் சாம்பல் நிறத்தில் கொண்டையோடு ஒரு பறவை. மங்கலான படம்தான், ஆனாலும் மிளகேதான். முந்தின நாள் சாயங்காலம் அடி அண்ணாமலையில் எடுத்தது என்று எழுதியிருந்தார்.

“நான் போறேன்” என்றான் அறிவுமதி.

“நீ வேணாம். நான் போறேன். பூந்திய எடுத்துனு போறேன். அவ சத்தம் கேட்டா வருவான்.”

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் கோயில் வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டான். கூண்டை மடியில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டான். அவள் கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வெளிக்காற்று பட்டதும் பூந்தி தலையைத் தூக்கினாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு குரல் கொடுத்தாள். கவிநிலா நின்று மரங்களைப் பார்த்தாள். அப்படி நின்று நின்று போனாள். வெறுங்காலோடு நடந்து வந்த ஒரு குடும்பம் அவளைத் தாண்டிப் போனது. அதில் ஒரு அம்மாள் திரும்பி வந்து கூண்டைக் குனிந்து பார்த்தாள். “எங்களுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லும்மா. பையனுக்குக் கல்யாணம் தள்ளிக்கினே போவுது.”

“ஜோசியக் கிளி இல்லீங்க இது.”

“அப்புறம் எதுக்கு ரோட்டுல தூக்கினு போற?” என்று அந்த அம்மாள் சலித்துக்கொண்டு போனாள்.

அடி அண்ணாமலை நெருங்கியது. பள்ளிக்கூடம் போன வழி. தெரிந்த முகம் ஒன்று சைக்கிளில் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பூந்தி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் கடையை அவள் ரோட்டின் எதிர்ப்பக்கமாகவே தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“இன்னொன்னு இதா?”

அப்பாவின் குரல். அவர் கடைக்கு வெளியே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை, கூண்டைத்தான் பார்த்தார். உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். அப்பாவைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

கவிநிலா ரோட்டைத் தாண்டி வந்தாள். “சாம்பல் கலர்ல ஒன்னுப்பா” என்றாள். அப்பா என்ற சொல் வாயில் வந்துவிட்டது.

“காலைல காக்கா தொரத்துச்சி. ஏரிக்கரை புளியமரத்தாண்ட. அஞ்சாறு காக்கா. ஆதவன்தான் கல்லால அடிச்சி வெரட்டினான். அதுக்குள்ள கீழ விழுந்துடுச்சி. தூக்கினு வந்தான். உசுரு இருந்துச்சி. தண்ணி விட்டுப் பாத்தேன், குடிக்கல.”

அவர் உள்ளே போய், ஊதுவத்தி வரும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். “வளத்த பட்சின்னு தெரிஞ்சிது. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கன்னு வெச்சிருந்தேன். நீன்னு தெரியாது.”

கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். துண்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு கண் போயிருந்தது. நெஞ்சுப் பக்கம் இறகு இல்லை. கன்னத்து ஆரஞ்சு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் கூண்டைத் தரையில் வைத்து, பெட்டியைக் கம்பியோரமாக வைத்தாள். பூந்தி கூப்பிடுவதை நிறுத்தினாள். கம்பியைப் பிடித்து இறங்கிவந்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்து, கழுத்தைக் கம்பியில் வைத்துக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். நின்றுகொண்டேயிருந்தாள்.

எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பாசாமி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். “ரெண்டும் ஒன்னாதான இருந்திருக்கும்?” என்றார். “இது மட்டும் எப்படித் தனியா இங்க வந்துச்சி?”

“பழக்கறதுக்காகப் பிரிச்சு வெச்சோம்.”

வெச்சோம் என்றுதான் சொன்னாள். வெச்சாரு என்று சொல்ல வாய் வரவில்லை.

“எதுக்குப் பிரிக்கணும்?”

“செங்கத்துல என்ன வெச்சீங்களே, அது மாதிரிதாம்ப்பா.”

சண்டைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு களைப்பில், கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல வந்துவிட்டது. அப்பாசாமி முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார். ரோட்டில் ஒரு வேன் போயிற்று. தண்ணீர் பாட்டில் கேட்டு ஒருவர் வந்தார். எல்லம்மாள் எடுத்துக் கொடுத்துச் சில்லறை வாங்கிப் போட்டாள். வந்தவர் போனபிறகு அப்பா சொன்னார், “வெயில் ஏறிடுச்சி. இருக்கறதுன்னா வீட்ல இரு. உங்கம்மாவும் ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல.” பிறகு, “நீ மட்டும்” என்றார்.

“இருடி” என்றாள் அம்மா. முதல் வார்த்தை.

“அவரு நிருதி லிங்கத்தாண்ட நின்னுனு இருக்காரும்மா.”

“அப்ப கெளம்பு” என்றார் அப்பாசாமி. கடைக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கற்பூரப் பொட்டலங்களை எண்ண ஆரம்பித்தார்.

வளைவுவரை அம்மா பின்னாலேயே வந்தாள். அட்டைப்பெட்டியை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். வளைவில் அதை மகளின் கையில் கொடுத்துவிட்டு, அவள் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். “எலும்பா இருக்குற” என்றாள். திரும்பி வேகமாக நடந்துவிட்டாள்.

அறிவுமதி பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு ரோட்டிலேயே நின்றிருந்தான். பெட்டியைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திறந்து பார்த்தான். மூடினான். பைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“அன்னிக்குக் கைமேல ஏறிச்சி கவி” என்றான். “நெசமா ஏறிச்சி.”

“எழுந்திரு மதி.”

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் தேவலாம் என்று அவன் எதிர்பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் அவளிடம் தெம்பில்லை. அவன் கடைசியில் கேட்டான், “உங்கப்பா என்ன சொன்னாரு?”

“தனியா வந்தா இருக்கலாம்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வந்துட்டேன் இல்ல.”

பூந்தி சாப்பிடவில்லை. இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், இன்னொரு ஜோடி வாங்கி விட்டுப் பாருங்கள் என்றார். வேண்டாம் என்றாள் கவிநிலா. அவள் தினமும் ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீர் புகட்டினாள். நெஞ்சுப் பக்கத்து இறகைப் பூந்தி தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தாள். காலையில் கூண்டின் அடியில் மஞ்சளாகக் கிடக்கும். கவிநிலா பெருக்கி எடுப்பாள். பாடப் புத்தகத்தைத் திறந்து நாளாகியிருந்தது. அந்தத் தடவை பரீட்சைக்கு அவள் போகவில்லை.

பௌர்ணமி வந்தது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

“சாப்டியா?” என்றாள் அம்மா. வழக்கமாகக் கேட்பதுதான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அந்த இன்னொன்னு? அது சாப்பிடுதா?”

“கொஞ்சம் சாப்பிடுதும்மா.”

“உங்கப்பா கேக்கச் சொன்னாரு” என்றாள் அம்மா, குரலைத் தணித்து. “அத மட்டும்தான் கேக்கச் சொன்னாரு. நான் ஃபோன் பண்றது அவருக்கு மொதல்ல இருந்தே தெரிஞ்சிருக்குது போல.” யாரோ பின்னால் ஃபோனைக் கேட்டார்கள். வைத்துவிட்டாள்.

கவிநிலா சமையலறையில் போய் நின்று அழுதாள். அப்பா கேட்டதற்காகவா, அதைத் தவிர வேறொன்றும் கேட்காததற்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். அறிவுமதி வேலையிலிருந்து வந்து, விளக்கைக்கூடப் போடாமல் கூண்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கூண்டுக் கதவு திறந்திருந்தது. இப்போதெல்லாம் அதை யாரும் மூடுவதில்லை, பூந்தி வெளியே வருவதும் இல்லை. அவன் விசில் அடிக்கவில்லை, கையில் தினையும் இல்லை. முழங்கால்மேல் கையைப் போட்டுக் கண்ணை மூடியிருந்தான். பூந்தி கதவருகே வந்தாள். வாசல் கம்பியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு காலாக வைத்து அவன் முன்கையில் ஏறினாள். நடந்து தோளுக்குப் போனாள். அவன் கழுத்தோடு உடம்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் அசையவில்லை. “கவி” என்றான், மூச்சுவிடப் பயந்தவன்போல. “கவி, இங்க வந்து பாரு.”

அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவன் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்காகத்தான் அவன் எத்தனை நாள் கை வலிக்க நின்றான்.

“என்ன பண்ணட்டும்?”

“ஒன்னும் பண்ணாத. இருக்கட்டும்.”

“என்ன மன்னிச்சிடுச்சா?”

“அதெல்லாம் அதுக்குத் தெரியாது மதி. அதுக்கு வேற யாரும் இல்ல.”

அவள் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நிறைய நாளைக்கப்புறம் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை இருவரும் எழவில்லை.

பிறகு பூந்தி அவனைவிட்டு நகர்வதே இல்லை என்று ஆகிவிட்டது. அவன் வேலைக்குப் போனால் கதவைப் பார்த்துக் கத்துவாள். வந்ததும் பறந்துபோய்த் தோளில் உட்காருவாள். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் நடப்பாள். நெஞ்சில் இறகு மட்டும் முளைக்கவில்லை. முளைக்க முளைக்கப் பிடுங்கிவிடுவாள். தோல் தெரியும் அந்த இடத்தை அறிவுமதி விரலால் மூடிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விமல்ராஜும் கவியாவும் வந்தார்கள். நடந்த காரியத்துக்கப்புறம் கூச்சத்தில் அவர்கள் வந்ததேயில்லை. பூந்தி அறிவுமதி நீட்டிய விரலில் ஏறுவதையும், அவன் சொன்னால் தோளுக்குப் போவதையும், கூப்பிட்டால் திரும்பி வருவதையும் கவியா வியந்து பார்த்தாள். செல்லில் படம் எடுத்துக்கொண்டாள்.

“எங்க அக்கா வீட்லயும் ஒரு ஜோடி வாங்கியிருக்காங்க” என்றாள். “கிட்டவே வரமாட்டேங்குதாம். இவ்ளோ சாதுவா ஆயிடுச்சே, எப்படிங்க பழக்கினீங்க?”

அறிவுமதி கவிநிலாவைப் பார்த்தான். கவிநிலா கவியாவைப் பார்த்தாள்.

“அந்த ஜோடிய அப்படியே விட்டுடச் சொல்லுங்க” என்றாள். “கிட்ட வரலன்னா பரவால்லன்னு சொல்லுங்க.” பிறகு டீ போடுவதற்கு எழுந்து உள்ளே போனாள்.